ஒரு சவரன் விலையில் ஒரு போன்

புதிய போன் மீது ஆசைப்படுவதை ஏதோ குற்றம்போலப் பேசுவது நம் வீடுகளில் வழக்கம். சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை பைக் எடுத்தால் சந்தோஷம், பட்டுப்புடவை எடுத்தால் சந்தோஷம். விலை கூடிய போன் வாங்கினால் மட்டும் ஊதாரி என்று பெயர். எனக்கு இதில் உடன்பாடில்லை. காலையில் அலாரத்தை நிறுத்துவதில் தொடங்கி, காய்கறிக் கடையில் காசு கொடுப்பது, ரயிலில் படிப்பது, அலுவலக அஞ்சலுக்குப் பதில் போடுவது, இரவு அம்மாவிடம் பேசுவது வரை நாள் முழுக்கக் கையில் இருக்கிற பொருள் அது. நல்லதாக, அழகானதாக இருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்புதான். விரும்பியதை எப்படி வாங்குகிறோம், வாங்கியபின் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நான் கற்றுக்கொண்டதை அதற்காகவே எழுதுகிறேன்.

தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மயிலாப்பூரில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்குவது தினசரி வழக்கம். கல்லூரிக் காலத்திலிருந்தே ஐபோன் மீது எனக்கு ஒரு கண். அலுவலக உணவுக்கூடத்தில் மேசை மேல் கவிழ்த்து வைத்திருக்கும் போன்களைப் பார்த்தாலே யாருக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வரிசையில் என் போனும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் கேமரா. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் உலா வரும்போது மாட வீதிகளில் விளக்கு வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழும். என் பழைய போனில் விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டாகவும் முகங்களெல்லாம் குழம்பிய நிழலாகவும் விழுந்தன. நாயன்மார் சப்பரத்தைத் தூக்கி வருகிறவர்களின் தோளும் வியர்வையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஆசைக்குக் காரணம் தெளிவானால் பாதி வேலை முடிந்தது. எதற்காக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன்: இரவில் நல்ல படம், நீண்ட காலத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பு, மடிக்கணினிக்கும் போனுக்கும் ஒரே கேபிள், தமிழில் சிரமமில்லாமல் தட்டச்சு. விளையாட்டு அதில் இல்லை. பெரிய திரையும் இல்லை. பிறகு எந்த விளம்பரம் வந்தாலும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதி விளம்பரங்கள் எனக்குத் தேவையில்லாததைப் பற்றியே பேசின.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 வந்தது. இந்தியாவில் அடிப்படை மாடலின் விலை 79,900 ரூபாய். 2020-இல் வந்த 12-லிருந்து 2024-இல் வந்த 16 வரை ஒவ்வோர் ஆண்டும் அறிமுக விலை இதே 79,900-தான். அடுத்த மாடல் வந்த நாளில் முந்தைய மாடலின் அதிகாரபூர்வ விலை குறைந்தது 10,000 ரூபாயாவது இறங்கும். இந்த ஓட்டத்தைக் கவனித்தபின் அவசரம் போய்விட்டது. 15-இல் 48 மெகாபிக்சல் கேமரா வந்துவிட்டது. ஐபோனுக்கே உரிய பழைய லைட்னிங் சார்ஜ் துளை போய், மடிக்கணினிக்கும் பொருந்தும் யு.எஸ்.பி.-சி வந்துவிட்டது. நான் எழுதிய தாளுக்கு அது போதும். எனவே மாதம் 5,000 ரூபாய்க்கு மேலேயே தனியாக எடுத்துவைத்துக்கொண்டு ஓராண்டு காத்திருந்தேன். 2024 செப்டம்பரில் 16 வந்தது, 15 அறிவித்தபடி 69,900-க்கு இறங்கியது. 16-இல் கேமராவுக்குத் தனிப் பொத்தானும் வேகமான சில்லும் புதிதாக இருந்தன. நல்ல விஷயங்கள்தான், என் தேவைக்கு அவை அவசியமில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: 15-இன் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பாதி விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போன்களிலேயே 120 வந்துவிட்டது. விரல் வைத்து நகர்த்தும்போது அந்த வழவழப்பு முக்கியம் என்று நினைப்பவர்கள் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "ஏண்டி, இந்தக் காசுக்கு ஒரு சவரனுக்கு மேலேயே எடுக்கலாமே" என்றார். அப்போது சவரன் 55,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் அது 90,000-த்தைத் தாண்டியது. அதே காலத்தில் என் போனின் மறுவிற்பனை விலை இறங்கிக்கொண்டே வந்தது. அம்மாவின் கணக்கில் பிழையே இல்லை. தங்கம் சேமிப்பு, போன் செலவு. இரண்டையும் ஒரே பையிலிருந்து எடுக்கக் கூடாது. எனவே அம்மாவோடு சேர்ந்து கட்டிவரும் நகைச் சீட்டை நான் தொடவில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தையும் குறைக்கவில்லை. அவை போக மிச்சத்தில் ஒதுக்கியதில்தான் போன் வந்தது. இப்படிப் பிரித்துச் சொன்னபிறகு அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பேத்தி பிறந்தநாளுக்கு என்னைத்தான் படம் எடுக்கச் சொல்கிறார்.

மாதத் தவணை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் வயதுக்காரர்கள் அதிகம் சறுக்குகிற இடம் அதுதான். "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வட்டியே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வட்டி இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று உண்மையில் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. நடப்பது இதுதான்: வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது, அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார். கூட்டிப் பார்த்தால் பொருளின் விலை மட்டும் வரும். ஆனால் அந்த வட்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதை நாம்தான் கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் தனி.

69,900 ரூபாயை 12 மாதத் தவணையில், ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தவணை மாதம் 5,825. அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 5,700. அதன் மீது வரி சுமார் 1,026. செயலாக்கக் கட்டணம் 199, அதற்கு வரி 36. ஆக 1,261 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நான் வாங்கிய அன்று முழுத்தொகையாக அட்டையில் கட்டுபவர்களுக்கு 4,000 ரூபாய் உடனடித் தள்ளுபடி இருந்தது. நான் பார்த்த 12 மாதத் தவணைத் திட்டத்துக்கு அது கிடையாது. இரண்டையும் சேர்த்தால் வித்தியாசம் 5,000-க்கு மேல். எனவே சேர்த்துவைத்த பணத்தில் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டினேன்: 65,900 ரூபாய். தவணையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். திடீரென்று போன் உடைந்து வேலைக்கு அவசரமாகத் தேவைப்பட்டால் வேறு வழி இருக்காது. அப்போதும் வங்கியின் கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கி, கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு போனின் தவணை முடிவதற்குள் அடுத்த போனின் தவணையைத் தொடங்குகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். கையில் எப்போதும் புதிய போன் இருக்கிறது. அவசரத்துக்கு மருத்துவமனை போகப் பணம் இல்லை. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைக்குப் போனபோது பில் போடும் இடத்தில் ஒரு சின்னப் போராட்டம். திரைக் காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம், கண்ணாடி ஒட்டு, உறை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொட்டலமாக நீட்டினார்கள். வேண்டாம் என்றால் தள்ளுபடி கிடைக்காது என்கிற தொனி. தள்ளுபடி வங்கி தருவது, பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வங்கியின் அறிவிப்பைக் காட்டினேன், பேச்சு நின்றது. பெட்டியை அவர்கள் பிரிப்பதற்கு முன் மேலே அச்சிட்ட, போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். போனை இயக்கியபின் *#06# அழுத்தினால் திரையிலும் அதே எண் வர வேண்டும். பில்லைப் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். உத்தரவாதத்துக்கும், திருடு போனால் புகாருக்கும் அதுதான் ஆதாரம். அந்தப் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருக்கும், 65,900-இல் 10,000 ரூபாய்க்கு மேல் வரி என்று அன்றுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

பெட்டிக்குள் கேபிள் மட்டும்தான், சார்ஜர் இல்லை. 2020-இல் ஐபோன் 12 வந்தபோது தொடங்கிய வழக்கம் இது. விலையைத் திட்டமிடும்போதே சார்ஜருக்குச் சுமார் 2,000 ரூபாய் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு அதே தோற்றத்தில் கிடைக்கும், தொடாதீர்கள். சார்ஜர் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். வேறு பெயர் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அந்தச் சார்ஜர் நம் வீட்டுப் பிளக்கில் இருக்கக் கூடாது.

பெட்டியின் அடிப்பக்கத்தில், இந்தியாவில் பொருத்தப்பட்டது என்ற வரி ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீபெரும்புதூர்தான் நினைவுக்கு வந்தது. 2006 முதல் 2014 வரை அங்கே நோக்கியா ஆலை இயங்கியது. எங்கள் தெரு அக்கா ஒருவர் அங்கே வேலை பார்த்துத்தான் தம்பியைப் படிக்கவைத்தார். இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், விடுதிகளில் தங்கி ஷிப்டு பார்ப்பவர்கள். பெரும்புதூர் பக்கம் போகும்போது அதிகாலை இருட்டில் வரிசையாகச் செல்லும் நிறுவனப் பேருந்துகளைப் பார்த்திருக்கிறேன். என் வயதுப் பெண்களின் விரல்கள் பட்ட பொருளை ஒரே ஆண்டில் அலுத்துப் போய் மேசை இழுப்பறையில் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. நான்கு ஆண்டுகளாவது வைத்திருப்பது என்று வாங்கும்போதே தீர்மானித்தேன்.

அந்தத் தீர்மானம் கணக்கையும் மாற்றுகிறது. போன், சார்ஜர், உறை, கண்ணாடி ஒட்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 69,300 ரூபாய். நான்கு ஆண்டு கழித்து 15,000-க்குப் போனாலும், மாதத்துக்கு 1,100 ரூபாய்க்குச் சற்று மேல்தான் ஆகிறது. இரண்டே ஆண்டில் மாற்றினால் இந்த மாதச் செலவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகலாம். போன் வாங்க நினைப்பவர்களிடம் விலையை நான் கேட்பதில்லை. எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்கு ஏற்ற மென்பொருள் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டிலும் கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்சி எஸ்24 முதல் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு வாக்குறுதி வந்துவிட்டது. விலை குறைந்த மாடல்களில் இது மாடலுக்கு மாடல் வேறுபடும். புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது ஆபத்து.

பழைய போனிலிருந்து புதியதற்கு மாறும் நாளை ஒரு சனிக்கிழமையாக வைத்துக்கொள்வது நல்லது. மாதத்தின் முதல் தேதியில் மாறாதீர்கள். யு.பி.ஐ. செயலியைப் புதிய கருவியில் பதிவு செய்ததும் பாதுகாப்புக்காக முதல் 24 மணி நேரத்துக்கு, சில வங்கிகளில் அதற்கும் கூடுதலாக, 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். வீட்டு வாடகை கட்டும் நாளில் இது தலைவலி. வாட்ஸாப் உரையாடல்களை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுவர 'மூவ் டூ ஐ.ஓ.எஸ்.' என்ற செயலி இருக்கிறது. புதிய போனை முதன்முதலில் அமைக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புதிய போனை மறுபடி வெறுமையாக்க வேண்டிவரும். அலுவலகக் கணக்குக்கான இரட்டைச் சரிபார்ப்புச் செயலியை மாற்றி முடிக்கும்வரை பழைய போனை அழிக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று தமிழ் விசைப்பலகை. தனியாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையும், 1999-இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 முறையும் 2013-இல் வந்த ஐ.ஓ.எஸ். 7-லிருந்து போனோடு சேர்ந்தே வருகின்றன. நான் தமிழ்99 பழகினேன். 'அம்மா' என்று எழுதப் புள்ளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெய்யெழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. சில வாரங்களில் ஆங்கிலத்தைவிட வேகமாக வந்துவிட்டது. பறக்கும் ரயிலில் நின்றுகொண்டே நீளமாக எழுத முடிகிறது. இந்தக் கட்டுரையிலும் பாதி அப்படி எழுதியதுதான்.

பராமரிப்பில் சென்னைக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிளே சொல்கிறது. மே மாதத்தில் நம் ஊர் 40-ஐத் தொடுகிறது. லித்தியம் அயனி பேட்டரியின் உள்ளே நடக்கும் வேதிச் சிதைவை வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்து வேகப்படுத்துகின்றன. மின்னேற்றும்போது தலையணைக்கு அடியில் வைப்பது, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுச் செல்வது, வெயிலில் வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டபடி வேகமாக சார்ஜ் ஏற்றுவது, இவைதான் பேட்டரியைத் தின்கின்றன. 15-இலிருந்து சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திவிடும் வசதி இருக்கிறது. அலுவலக நாட்களில் அதைப் போட்டுவைக்கிறேன். ஊருக்குப் போகும்போது மட்டும் 100-க்கு மாற்றுகிறேன். 1,000 முறை முழுதாக ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதத் திறன் மிஞ்சும்படி இந்த மாடலின் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல சூழலில் பயன்படுத்தினால் கிடைக்கும் கணக்கு. நம் வெயிலில் அந்தச் சூழலை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில் பாதி இருசக்கர வாகனங்களில் கைப்பிடியில் போன் தாங்கி இருக்கிறது. படக்கருவியில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய மிக நுண்ணிய நகரும் பாகங்கள் உண்டு. பைக் எஞ்சினின் பலத்த அதிர்வு தொடர்ந்து பட்டால் அந்தப் பாகங்கள் கெடலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது. வேறு நிறுவனப் போன்களிலும் இதே நுட்பம்தான். கேமராவுக்காகவே வாங்கிய போனைத் தாங்கியில் மாட்டாதீர்கள். வழி கேட்கக் காதில் இயர்போன் போதும்.

மழை அடுத்தது. ஐ.பி.68 என்ற நீர்க்காப்புத் தரம் இருந்தால் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆய்வகத்தில் நன்னீரில் செய்த சோதனை. கடல்நீரும் சோப்பு நீரும் வேறு. கீழே விழுந்து அடிபட்ட போனில் அந்தக் காப்பும் குறைந்துவிடும். முக்கியமாக, தண்ணீர் புகுந்து கெட்டால் உத்தரவாதத்தில் பழுது பார்க்க மாட்டார்கள். நனைந்த போனை அரிசிப் பானையில் புதைக்கும் நம் கைவைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். அரிசித் துகள் துளைக்குள் போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வைத்தாலே போதும். காயும்வரை கேபிளைச் செருகக் கூடாது.

நினைவகம் பற்றி ஒரு வரி: 4கே தரத்தில் நொடிக்கு 60 படச்சட்டங்களில் (ஃபிரேம்) வீடியோ எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிகாபைட். 1080-இல் 30 சட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 60 மெகாபைட்தான். அறுபத்துமூவர் உலா முழுவதையும் 128 ஜிகாபைட்டில் அடக்குவது எப்படி என்று இந்த எண்கள் சொல்லிவிடும்.

பழைய போனின் கதைதான் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. மாற்றுச் சலுகையில் ஒரு தளம் 4,500 தருவதாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து பார்த்தவர் திரையில் கீறல் இருக்கிறது என்று 1,800-க்கு இறக்கினார். கொடுக்கவில்லை. அதன் ஒரே குறை பேட்டரி. பின்மூடி லேசாக உப்பத் தொடங்கியிருந்தது. சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். நாட்டின் பெரிய மின்னணுச் சந்தைகளில் ஒன்று அது. சந்துக்குள் சந்து, ஒவ்வொரு மாடிப்படிக்குக் கீழும் ஒரு பழுதுபார்ப்பு மேசை. முதலில் கேட்ட கடையில் போனை விட்டுவிட்டு மாலை வரச் சொன்னார்கள். நம் கண்ணெதிரே பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத் தோழி சொல்லியிருந்தாள். தேடி ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். சிம்மைக் கழற்றிக்கொண்டேன், யு.பி.ஐ. செயலிகளை வீட்டிலேயே நீக்கிவிட்டிருந்தேன்.

அவர் போனைச் சூடான தட்டின் மேல் சில நிமிடம் வைத்தார். பசை இளகியதும் ரப்பர் உறிஞ்சியைப் பின்மூடியில் ஒட்டி ஒரு மயிரிழை இடைவெளி கிடைக்கும்வரை இழுத்தார். அந்த இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு, அவசரமே இல்லாமல் சுற்றிலும் ஓட்டினார். மூடி திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பேட்டரியின் ஓரத்தில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டுக் காத்திருந்தார். "நெம்பக் கூடாது அம்மா. குத்தினால் தீப்பிடிக்கும்" என்றார். உப்பிய பேட்டரி தானாக நழுவி வந்ததும் அதை மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவுக்குள் வைத்தார். புதியதைப் பொருத்தி, மூடுவதற்கு முன்பே இயக்கிக் காட்டி, சார்ஜ் ஏறுகிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். 1,200 ரூபாய். அந்தப் பொறுமைக்கு அது குறைவு என்றே எனக்குத் தோன்றியது. அந்தப் போன் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டதால் வங்கிச் செயலி எதுவும் அதில் கிடையாது. பாட்டுக் கேட்கவும் பேத்தியிடம் வீடியோவில் பேசவும் பயன்படுத்துகிறார்.

புதியது வாங்க முடியாமல் பழைய ஐபோனைத் தேடுகிறவர்களுக்கும் சில சோதனைகள் உண்டு. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் பக்கத்துக்குப் போனால், திரையோ பேட்டரியோ மாற்றியிருந்தால் அங்கே தெரியும். 'அன்னோன் பார்ட்' என்று வந்தால் அசல் பாகமாக இல்லாமலிருக்கலாம். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் முன்னாலேயே வெளியேற வேண்டும். இல்லையென்றால் போன் உங்கள் கையில் பூட்டிய பெட்டிதான். திருட்டுப் போனா என்று அறிய, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணைத் தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2023 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் காவல் நிலையப் புகாரோடு அதே தளத்தில் எண்ணை முடக்கலாம். அந்த நாள் வருவதற்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்: திரை பூட்டியிருக்கும்போது, விரைவுப் பொத்தான்கள் உள்ள கன்ட்ரோல் சென்டர் திறக்காதபடி செய்யுங்கள், ஏனென்றால் இணைப்பைத் துண்டிக்கத் திருடன் முதலில் அங்குள்ள விமானப் பயன்முறையைத்தான் அழுத்துவான்; 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியையும் போட்டுவிடுங்கள்.

தம்பி கோயம்புத்தூரில் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறான். மடிப்பு போன் வேண்டும் என்று துடிக்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்கு என்று எழுதித் தரச் சொன்னேன். விளையாட்டு, நீண்ட நேரம் நிற்கும் பேட்டரி, கிரிக்கெட் பார்க்க நல்ல திரை என்று எழுதினான். அந்த மூன்றும் 30,000 ரூபாய்க்குள் சாதாரண போனிலேயே நன்றாகக் கிடைக்கின்றன என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஆனாலும் மடித்து மூடும்போது வரும் அந்த ஒலி அவனுக்குப் பிடித்திருக்கிறது; அதுவும் ஒரு காரணம்தான், அவன் தாளில் அதையும் சேர்த்துக்கொண்டோம். முதல் சம்பளத்திலிருந்து மாதம் 3,000 ஒதுக்குகிறான். தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை இப்போதுள்ள போனின் பேட்டரியை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் சென்னை வரும்போது ரிச்சி தெருப் பெரியவரிடம் அழைத்துப் போகிறேன்.